கிராண்ட் கேன்யன் சீனிக் ஏர்லைன்ஸ்: நீளமான பெயரும் அதற்குள் இருக்கும் கணக்கும்

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனுக்கு மேலே சுற்றிக் காட்டும் ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானங்களை ஓட்டுகிற நிறுவனத்தின் பெயர் கிராண்ட் கேன்யன் சீனிக் ஏர்லைன்ஸ். இரண்டு பெயர்களைப் பசை போட்டு ஒட்டியது மாதிரி இருக்கிறதா? ஒட்டியதுதான். கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸ் ஒரு கம்பெனி, சீனிக் ஏர்லைன்ஸ் இன்னொரு கம்பெனி. முதலாவது இரண்டாவதை வாங்கியது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு, பலரும் இதில் வழுக்கி விழுகிறார்கள். வாங்கிய கம்பெனிக்கே ஆதியில் இருந்த பெயர் 'சீனிக் ஏர்வேஸ்'. 1927ல் பார்க்கர் வான் ஸான்ட் தொடங்கியது அது. 'சீனிக் ஏர்லைன்ஸ்' என்பது 1967ல் ஜான், எலிசபெத் சீபோல்ட் தம்பதி லாஸ் வேகஸில் தொடங்கியது. நடுவில் 40 வருடம். பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஒன்றை மற்றதன் வாரிசாக்கி எழுதினால் மொத்த வரலாறும் கோணலாகிவிடும்.

வான் ஸான்ட் ஓட்டியது ஃபோர்டு ட்ரைமோட்டார். மூன்று எஞ்சின், நெளிநெளியான அலுமினியத் தகடு போர்த்திய உடம்பு, கூரைக்கு மேலே இறக்கை. அந்த மேல் இறக்கைதான் இந்தத் தொழிலுக்கு உயிர். ஜன்னலுக்குக் கீழே இறக்கை இருந்தால் பயணி பார்க்கப்போவது பள்ளத்தாக்கை அல்ல, ரிவெட்டுகளை. அன்று ட்ரைமோட்டார், பிறகு ஒற்றை எஞ்சின் செஸ்னாக்கள், இன்று ட்வின் ஆட்டர் என்று இங்கே நிலைத்த விமானங்களில் பெரும்பாலானவை மேல் இறக்கை கொண்டவை.

அவர் வேலை பள்ளத்தாக்கோடு நிற்கவில்லை. ஃபீனிக்ஸ் நகரத்தின் ஸ்கை ஹார்பர் விமான நிலையத்தைக் கட்டி அந்தப் பெயரை வைத்ததும் சீனிக் ஏர்வேஸ்தான். 1929ல் பங்குச்சந்தை சரிந்ததும் கம்பெனி தாங்கவில்லை. விமான நிலையம் விற்பனைக்குப் போனது, 1935ல் ஃபீனிக்ஸ் நகரம் அதை 1,00,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. பள்ளத்தாக்குப் பக்கம், ரெட் பியூட் குன்றின் அடியில் இருந்த சின்ன ஓடுதளத்திலிருந்து பறப்பது மட்டும் கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. 1960களில் பள்ளத்தாக்கை ஒட்டிய டூசயான் ஊரில் புது விமான நிலையம் வந்ததும் ரெட் பியூட்டைக் காலி செய்தார்கள்.

ஆகவே கம்பெனியின் பெயரோடு '1927 முதல்' என்ற வாசகத்தைப் பார்த்தால் நிதானமாக வாசிக்க வேண்டும். அன்றிருந்த முதலாளியும் விமானமும் ஓடுதளமும் இன்று இல்லை. கைமாறிக் கைமாறி வந்திருப்பது தொழில் மட்டும்.

வேகஸ் பக்கத்துக் கிளையில் கைமாற்றம் இன்னும் வேகம். யூட்டாவைச் சேர்ந்த ஸ்கைவெஸ்ட் விமான நிறுவனம் 1993ல் சீனிக் ஏர்லைன்ஸை வாங்கியது. 1998ல் அதை ஈகிள் கேன்யன் ஏர்லைன்ஸுக்கு விற்றது. ஈகிள் என்ன செய்தது? தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, வாங்கிய கம்பெனியின் பெயரை மாட்டிக்கொண்டது. சுற்றுலா முகவர்கள் தலையில் பதிந்திருந்தது சீனிக் என்ற பெயர்தானே. 2000களின் பிற்பகுதியில் அந்த சீனிக், கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸின் கைக்கு வந்தது.

மூன்றாவது கிளை ஹெலிகாப்டர். பள்ளத்தாக்கின் குறுக்கே குடிநீர்க் குழாய் போடும் ஒப்பந்த வேலைக்காக 1965ல் எல்லிங் ஹால்வர்சன் ஹெலிகாப்டர்களோடு வந்தார். குழாய் வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1966 டிசம்பர் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது, 1970ல்தான் முடிந்தது. அந்த வேலையின் ஓரத்தில் முளைத்த சுற்றுலாப் பறத்தல்தான் பாப்பியோன் ஹெலிகாப்டர்ஸ். இன்று பாப்பியோனும் கிராண்ட் கேன்யன் சீனிக்கும் ஒரே குழுமம்.

இவ்வளவு வாங்கல் விற்றல் எதற்கு? விமானம் வேண்டுமென்றால் சந்தையில் கிடைக்கும், விமானியும் கிடைப்பார். என் கணக்கில், 2000க்குப் பிறகு இங்கே ஒரு கம்பெனியின் உண்மையான சொத்து வேறு. அதைப் புரிந்துகொள்ள 1986க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஜூன் 18, பள்ளத்தாக்கின் ஆற்றில் கிரிஸ்டல் ரேப்பிட்ஸ் என்ற நீர்ச்சுழல் பகுதிக்கு மேலே கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டரும் வேறொரு கம்பெனியின் பெல் 206 ஹெலிகாப்டரும் நடுவானில் மோதின. 25 பேர் இறந்தார்கள், யாரும் தப்பவில்லை. இரண்டுமே சுற்றுலாப் பறத்தல். இரண்டும் ஒரே காட்சியைக் காட்டப் போனதில் தடங்கள் குறுக்கிட்டன. வானம் எவ்வளவு அகலம் இருந்து என்ன, எல்லோரும் காட்ட விரும்பும் இடம் நாலைந்துதான். 'பார்த்து விலகிக்கொள்' என்ற விதி அங்கே போதவில்லை.

1987ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. தற்காலிக விதிகள் போட்டது, அதே வருடம் தேசியப் பூங்காக்களின் மேல் பறப்பது பற்றிய சட்டம் வந்தது, 1988ல் விரிவான விதி வந்தது. பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கீழே இறங்கிப் பறப்பது தடை. பறக்கவே கூடாத பெரிய மண்டலங்கள் வரையப்பட்டன. அவற்றுக்கு இடையில் ஸூனி பாயிண்ட், டிராகன் போன்ற குறுகிய வான்பாதைகள். விமானத்துக்கு ஒரு உயரம், ஹெலிகாப்டருக்கு வேறு உயரம். பழைய படங்களில் விமானம் பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைவதைப் பார்த்துவிட்டு இன்று டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஏமாற்றம் மிச்சம்.

பிறகு இரைச்சல் பிரச்சினை. கீழே நடப்பவர்களுக்கு அமைதி வேண்டும் என்ற வாதம் வலுத்து, 2000 ஏப்ரலில் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது. 1997 மே 1 முதல் 1998 ஏப்ரல் 30 வரை ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை சுற்றுலாப் பறத்தல் நடத்தியதோ, அதுவே அதன் வருட ஒதுக்கீடு. நான் சொன்ன உண்மையான சொத்து இதுதான்.

ஒதுக்கீட்டின் நுணுக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. சட்டப்படி அது கம்பெனியின் சொத்து இல்லை, சலுகை மட்டுமே என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒரு கம்பெனி இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம், 10 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஸூனி, டிராகன் வான்பாதைகளுக்கான ஒதுக்கீட்டை வெளியே கொண்டுபோகலாம், வெளியே உள்ளதை அங்கே உள்ளே கொண்டுவர முடியாது. ஆகவே அந்த இரண்டுக்குமான ஒதுக்கீடு குறையலாமே தவிர ஏறாது. தொடர்ந்து 180 நாள் தாமாகவே பறக்காமல் நிறுத்திவிட்டால் ஒதுக்கீடு எஃப்.ஏ.ஏ.வுக்கே திரும்பிவிடும். விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்க முடியாது. ஹுவாலபாய் பழங்குடி நாட்டோடு ஒப்பந்தம் வைத்து மேற்குப் பக்கம் குறிப்பிட்ட தடங்களில் பறப்பவர்களுக்கு இந்த வரம்பில் விலக்கு உண்டு. வேகஸிலிருந்து மேற்கு விளிம்புக்கு அவ்வளவு ஹெலிகாப்டர்கள் போவதன் ரகசியம் அதுதான்.

இப்போது முக்கியமான வரி: ஒதுக்கீடு பறத்தலுக்கு, இருக்கைக்கு அல்ல. 9 பயணியோடு ஒரு செஸ்னா 402 போனாலும் ஒன்று கழியும், 19 பயணியோடு ட்வின் ஆட்டர் போனாலும் அதே ஒன்றுதான் கழியும். சின்ன விமானம் வைத்திருக்கும் கம்பெனியை வாங்கி, அதன் ஒதுக்கீட்டைப் பெரிய விமானத்தில் செலவழித்தால் ஒரு பறத்தலுக்கு இரண்டு மடங்கு டிக்கெட். இணைப்புக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நேர வரம்பும் அதே பக்கம் தள்ளுகிறது. ஸூனி, டிராகன் வான்பாதைகளில் மே முதல் செப்டம்பர் வரை காலை 8 முதல் மாலை 6, மற்ற மாதங்களில் 9 முதல் 5. சுற்றுக்கு 50 நிமிடம், இறக்கி ஏற்ற 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விமானம் கோடையில் 8 சுற்று, குளிர்காலத்தில் 6. அதுவும் காகிதத்தில்தான்.

காகிதத்தை வெயில் கிழித்துவிடும். டூசயான் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,600 அடி. விமானிகளின் தரக் கணக்குப்படி அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ். கோடை மதியம் 30 டிகிரி என்றால் 28 டிகிரி அதிகம். சூட்டில் காற்று மெலிவதால், டிகிரிக்கு 120 அடி என்ற விமானிகளின் விரல்கணக்கில் 3,360 அடி கூடுகிறது. அதாவது சக்கரம் தரையில் இருக்கும்போதே எஞ்சினும் இறக்கையும் 10,000 அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன. ஓடுதளம் 9,000 அடி நீளம் இருப்பதால் தரையை விட்டு எழும்புவது பிரச்சினை இல்லை, எழும்பிய பிறகு ஏறுவதுதான் பாடு. ட்வின் ஆட்டரின் அதிகபட்ச எடை 12,500 பவுண்டு, ஆனால் அந்த நாளில் ஒரு எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்து அதற்கும் கீழே நிறுத்த வேண்டியிருக்கும். கவுன்ட்டரில் ஒவ்வொருவரையும் எடை பார்த்து, ஜன்னலைக் கேட்பவரையும் வேறு இடத்தில் உட்கார வைப்பது இதனால்தான். மதியத்துக்கு மேல் சூடான பாறையிலிருந்து காற்று கிளம்பி விமானத்தைக் குலுக்கும். காலை முதல் சுற்றுக்கு டிக்கெட் எடுங்கள், இருண்ட நிறச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்து எல்லாப் படத்திலும் வந்து நிற்கும்.

இரண்டு கம்பெனிகளைச் சேர்ப்பது பெயர்ப்பலகை மாற்றும் வேலை மாதிரி வெளியே தெரியும். உள்ளே கதை வேறு. அமெரிக்காவில் இந்த வகைக் கம்பெனிக்கு எஃப்.ஏ.ஏ. கொடுக்கும் பார்ட் 135 என்ற சான்றிதழ் வேண்டும், அதை விற்கவோ வாங்கவோ முடியாது. பங்குகளை வாங்கினால் கம்பெனி தன் சான்றிதழோடு அப்படியே வரும், கூடவே அதன் பழைய வழக்குகளும் கடன்களும் வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால் தலைவலி குறைவு, ஆனால் ஒவ்வொரு விமானத்தையும் அதன் பதிவு எண்ணோடு உங்கள் அனுமதிப் பத்திரத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டும். எந்தக் கருவி பழுதானால் பறக்கலாம், எது பழுதானால் கூடாது என்ற பட்டியல்கூட கம்பெனிக்குக் கம்பெனி தனி.

பெரிய முடிச்சு 9 இருக்கை என்ற கோடு. பயணி இருக்கை 10 ஆனாலே இரண்டாவது விமானி கட்டாயம். 9 வரை உள்ள விமானத்துக்குப் பராமரிப்பு விதி எளிது, 10லிருந்து முழு அளவிலான தொடர் பராமரிப்புத் திட்டம் வேண்டும். செஸ்னா கம்பெனியும் ட்வின் ஆட்டர் கம்பெனியும் சேர்ந்தால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மெக்கானிக் உலகங்கள், இரண்டு வகைப் பதிவேடுகள். 20 வருட அனுபவமுள்ள விமானியும் புதிய சான்றிதழின் கீழ் முதல் நாள் வகுப்பிலிருந்து தொடங்கிப் பரீட்சை கொடுக்க வேண்டும். ட்வின் ஆட்டரும் ட்வின் ஆட்டரும் ஒன்று என்று நினைத்தால் அதுவும் தவறு. எஞ்சின் நெம்புகோல்கள் எல்லாவற்றிலும் கூரையில்தான் தொங்கும், ஆனால் ரேடியோவும் சுவிட்சுகளும் பழைய முதலாளி வைத்த இடத்தில் இருக்கும். அவசரத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும்.

பணம் மூழ்குவது விமானத்தின் பதிவேடான லாக்புக்கில். ட்வின் ஆட்டரின் இறக்கைக்கு ஆயுள் உண்டு: 33,000 மணி நேரம் அல்லது 66,000 பறத்தல், எது முதலில் வருகிறதோ அது. சராசரிப் பறத்தல் அரை மணி என்றால் இரண்டும் ஒன்றாக முடியும். 45 நிமிடச் சுற்று ஓட்டினால் 44,000 பறத்தலிலேயே மணி தீர்ந்துவிடும். தீவுகளுக்கு இடையே 15 நிமிடம் தாவிய விமானத்தை வாங்கினால் மணி குறைவாகக் காட்டி ஆசை காட்டும், பறத்தல் எண்ணிக்கையைப் பார்த்தால் இறக்கை ஏற்கனவே கிழடு. நடுவில் சில வருடப் பக்கங்கள் காணவில்லையென்றால் மோசமான எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விமானங்களில் விஸ்டாலைனர் என்ற மாற்றம் பிரபலம். ஜன்னல்களைப் பெரிதாக வெட்டி, புரொப்பல்லரை நாலு இதழாக்கியது. ட்வின் ஆட்டரின் கேபினில் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை, அதனால்தான் உடம்பில் இவ்வளவு பெரிய ஓட்டை போடுவது சாத்தியம். நாலு இதழ் எதற்கு? புரொப்பல்லர் சத்தத்தில் பெரும்பங்கு இதழின் நுனி வேகத்தால் வருவது. இதழ் கூடினால் அதே இழுப்பை மெதுவான சுழற்சியில் எடுக்கலாம், நுனி வேகம் இறங்கும், சத்தமும் இறங்கும். 2005ல் எஃப்.ஏ.ஏ. அமைதித் தொழில்நுட்ப அளவுகோலை வகுத்தபோது இருக்கை எண்ணிக்கையையும் கணக்கில் சேர்த்தது. அங்கேயும் 19 இருக்கைக்காரனுக்கே லாபம். பூங்காவின் மேல் பறக்கும் கட்டணம் 25 இருக்கை வரை 25 டாலர். அமைதியான விமானத்துக்கு 2015 முதல் 20 டாலர் ஆனது. 5 டாலருக்காக யாரும் புரொப்பல்லர் மாற்ற மாட்டார்கள், அது வேறு விஷயம்.

நீங்கள் ஏறப்போகும் விமானம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமா? பெயிண்டையும் பெயரையும் நம்பாதீர்கள். உடம்பில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு எஃப்.ஏ.ஏ. பதிவேட்டில் தேடுங்கள், யாருக்கும் திறந்தது. தயாரித்த வருடம், தொடர் எண், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பது வரும். முதலாளி மாறினால் பதிவு எண்ணைக்கூட மாற்றிக்கொள்ளலாம், தயாரிப்பாளர் கொடுத்த தொடர் எண் மட்டும் மாறாது.