வாத்தும் கோழியும் ஒரே கொட்டகையில்: கூளம் ஒருவழியாகக் காய்ந்தது

கொட்டகைக்குள் தரையில் பரப்பிய கூளம் காய்ந்துவிட்டது. ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் பொலபொலவென்று உதிர்கிறது. விடியற்காலையில் குனிந்து உள்ளே போனால் எச்ச நெடியில் கண் எரியவில்லை. கோழியோடு வாத்தையும் சேர்த்து வளர்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் இருப்பது தஞ்சாவூர் பக்கம், சுத்தமான களிமண் பூமி. சிறுவிடைக் கோழிகளும் காக்கி கேம்பல் வாத்துகளும் பகலெல்லாம் கொல்லையில் மேயும். இரவில் எல்லாம் ஒரே கொட்டகை, நடுவில் தடுப்பு. கோழிக்கு மூங்கில் பரண், வாத்துக்குத் தரையில் வைக்கோல். கீழே நெல் உமி ஆழ்கூளம். கடலைத்தோல் மலிவாகக் கிடைக்கிறது, ஆனாலும் நான் போடுவதில்லை. கொஞ்சம் ஈரம் பட்டாலும் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை நஞ்சைக் கோழியாவது ஓரளவு தாங்கும், வாத்து தாங்கவே தாங்காது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வாத்துக் கொல்லைப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

சிக்கல் முழுக்கத் தண்ணீரில்தான். வாத்து தவிட்டை ஒரு வாய் அள்ளும், தண்ணீருக்கு ஓடும், அலகை விட்டு அலசும், மூக்குத் துவாரத்தில் தண்ணீரை ஏற்றி ஊதும், தலையை முக்கி எடுத்து உதறும். திரும்பிப் போகிற வழியெல்லாம் சொட்டும். அரை மணி நேரத்தில் தண்ணீர் கஞ்சியாகிவிடும், சுற்றியுள்ள கூளம் சேறாகிவிடும். அந்த ஈரமும் நம் ஊர்ச் சூடும் சேர்ந்தால் எச்சத்தில் இருக்கும் ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணி ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். முதலில் மாட்டுவது கோழிக்குஞ்சுகள்தான். அதற்காக வாத்துக்கு ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைக்கவும் முடியாது. அறுவடை முடிந்து வயலில் வாத்து மேய்க்க வரும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலை முங்கணும் தம்பி. முங்கலேன்னா கண்ணுல பீளை கட்டிக்கும்." அது உண்மைதான். ஐந்தாறு அங்குல ஆழமாவது வேண்டும். தலை போக வேண்டும், உடம்பு போகக் கூடாது.

இப்போது நிற்கிற ஏற்பாடு இது. இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பக்கவாட்டில் ஓட்டைகள், ஒவ்வொன்றும் நான்கு அங்குல அகலம். ஓட்டையின் கீழ் விளிம்பு அடியிலிருந்து ஆறு அங்குல உயரத்தில் இருக்கிறது. ஓட்டையின் அகலத்தை ஐந்து அங்குலமாக வைத்தால் இளவட்ட வாத்து உள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அதனால் நான்குதான் சரி. அறுத்த விளிம்பைக் காய்ச்சிய கம்பியால் ஒரு சுற்று இழைத்துவிட வேண்டும். இந்த வேலையை யாரும் தட்டிக் கழிக்காதீர்கள், கழுத்து தினமும் உரசுகிற இடம் அது.

கேன் கொட்டகைக்கு வெளியே இருக்கிறது. சுவரில் வாத்தின் நெஞ்சு உயரத்தில் ஒரு நீளத் திறப்பு. வாத்துகள் உள்ளே நின்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக் குடிக்கும். சொட்டுவதெல்லாம் வெளியே விழும். காக்கி கேம்பல் அநேகமாக எல்லா முட்டையையும் காலை ஒன்பது மணிக்குள் இட்டுவிடும். அதுவரை திறந்துவிடாமல் வைத்திருந்தால்தான் முட்டை நம் கைக்கு வரும், இல்லையென்றால் வாய்க்காலோரம் தேட வேண்டியதுதான். கோழியை வெளிச்சம் வந்ததும் விட்டுவிடலாம். ஒன்பது மணி வரை அடைபட்டிருக்கும் வாத்துக்குத் தண்ணீர் வேண்டுமே, அதற்குத்தான் இந்தத் திறப்பு. இரவில் தீனியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. தீனி வைத்தால் தண்ணீரும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் தொண்டையில் அடைத்துவிடும்.

வாத்துக் கழுத்து நுழைகிற திறப்பில் கீரிப்பிள்ளை சுலபமாக நுழையும். அதனால் அதற்குத் தகரத்தில் ஒரு மடக்குக் கதவு, மேலிருந்து விழுந்து இரண்டு பக்கமும் கொண்டி மாட்டுகிற மாதிரி. பொழுது சாய்ந்ததும் மூடி, விடிந்த பிறகுதான் திறப்பேன். மரநாயும் பாம்பும் இரவில் வந்து போகிற கொல்லை இது, வெறும் கயிற்றுக் கட்டெல்லாம் வேலைக்கு ஆகாது.

கேனுக்கு அடியில் மூன்றடிச் சதுரக் குழி. உடைசெங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் சட்டம் அடித்த வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை. மணல் பூமியாக இருந்தால் இதோடு வேலை முடிந்திருக்கும். களிமண்ணில் தண்ணீர் இறங்குவேனா என்கிறது. இரண்டங்குல பிவிசி குழாயைச் சரிவாகப் பதித்து வாழைக்குத் திருப்பினேன். அப்புறம் தவிடு போய்க் குழாயை அடைத்தது. மெஷ்ஷுக்கும் ஜல்லிக்கும் நடுவில் தேங்காய் மட்டை நாரைப் பரப்பிய பிறகுதான் அடைப்பு நின்றது. வாராவாரம் நாரை மாற்றி, பழையதை எருக்குழியில் போடுகிறேன். வாழை தளதளவென்று நிற்கிறது. கொசுவும் குறைந்தது. கோழி அம்மையை அதிகம் பரப்புவது கொசுதான் என்பதால் அதில் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

மெஷ் வாங்கும்போது ஒரு வார்த்தை. கடையில் கேட்டதும் அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலையைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் கிழித்துவிடும். அரையங்குலக் கண் வெல்டு மெஷ் என்று அழுத்திக் கேளுங்கள், விலை கூடத்தான் செய்யும். வாத்துக்குஞ்சு வாங்குகிறவர்கள் அதை நடக்கவிட்டுப் பாருங்கள். கோழிக்குஞ்சைவிட அதற்கு நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் தேவை. கோழித் தீனியிலேயே வளர்ந்ததற்குக் கால் வளைந்திருக்கலாம். தடுப்பூசிக்கு பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய் முகாமை விடாதீர்கள், இலவசம்.

இன்னொன்று, எங்கள் வாத்துகளை அறுவடை வயலில் இறங்கும் மேய்ச்சல் கூட்டத்தோடு கலக்கவிடுவதில்லை. ஆலப்புழை வாத்துகளில் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்பப் பறவைக் காய்ச்சல் வந்ததைப் பார்த்தோம். சில சமயம் வாத்து நோயைக் காட்டாமலே கிருமியைச் சுமக்கும், கூட இருக்கும் கோழிதான் சுருண்டு விழும். மேய்ச்சல்காரர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் பொதுவாகிவிடுகிறது, அதுதான் பயம்.

அடுத்தது, வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைக்க வேண்டும். காக்கி கேம்பலை நம்பி உட்கார வைக்க முடியாது. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. கலந்து வைத்தால் கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய் எழுந்துவிடும் என்பதால் தனித்தனிக் கோழிதான். சிறுவிடை சின்ன உடம்பு, ஆறேழு வாத்து முட்டைக்கு மேல் அணையாது. வாத்துத் தாயின் இறகு எண்ணெய் படாத குஞ்சு நனைந்தால் விறைத்துவிடும். முதல் சில வாரம் கூழாங்கல் போட்ட தட்டில்தான் தண்ணீர் வைக்க வேண்டும். சாம்பல் நிறக் கோழி ஒன்று அடைக்கு உட்காரும் பதத்தில் இருக்கிறது. அதற்குள் கொட்டகையின் மேற்குப் பக்கம் மெஷ்ஷை ஓரடி வெளியே மடித்து மண்ணுக்குள் பதிக்கிற வேலை பாக்கி, கீரி தோண்டுவது அந்தப் பக்கம்தான். மெஷ் சனிக்கிழமை வருகிறது.