ஒரு கல்லைப் பிடித்து நவூருவைப் படித்த கதை

மாதிரி நேர்காணலில் மாட்டிக்கொண்டதிலிருந்து தொடங்குகிறேன். குடிமைப் பணியின் முதன்மைத் தேர்வை முடித்துவிட்டு, 275 மதிப்பெண் நேர்முகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'உலக நாடுகளின் கொடிகள்' என்று எழுதியிருந்தேன். சின்ன வயதில் அட்லஸைப் பார்த்துக் கொடி வரைந்த பழக்கம், அவ்வளவுதான். எதிரே இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார்.

"நவூரு கொடி எப்படி இருக்கும்மா?"

"நீலம் சார். நடுவுல மஞ்சள் கோடு, அதுக்குக் கீழ ஒரு வெள்ளை நட்சத்திரம்."

"ஏன் கீழ?"

தெரியவில்லை. அவர் விடவில்லை.

"சரி, தலைநகரம்?"

"யாரென், சார்."

"அப்படின்னு அவங்க சொல்றாங்களா, நீங்க சொல்றீங்களா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால், பசிபிக் கடலில் இருக்கும் அந்தக் குட்டித் தீவு நாட்டுக்கு அதிகாரபூர்வத் தலைநகரமே கிடையாது. நாடாளுமன்றமும் விமான நிலையமும் யாரென் மாவட்டத்தில் இருப்பதால், பட்டியல் போடுபவர்கள் அந்தக் கட்டத்தில் யாரென் என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படிப்பட்ட பட்டியலைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். புவியியல், மக்கள், அரசு, பொருளாதாரம் என்று நாலு கட்டம். கட்டத்துக்கு நாலு வரி. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்ததே இல்லை.

அப்புறம் ஒரு வாரம் நவூருவை மட்டும் எடுத்து உட்கார்ந்தேன். (நௌரு, நவ்ரு என்றெல்லாமும் எழுதுகிறார்கள். தேடும்போது எல்லா எழுத்திலும் தேடுங்கள்.) முதலில் கொடி. மஞ்சள் கோடு நிலநடுக்கோடு, நட்சத்திரம் தீவு. தீவு நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் தெற்கே இருப்பதால் நட்சத்திரம் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. அதன் 12 முனைகளும் நவூருவின் 12 குலங்கள். அங்கே குலம் தாய்வழியில் வருவது. புவியியலும் மக்களும் ஒரே துணியில் இருந்திருக்கின்றன. வருஷக்கணக்காக அதை வரைந்தும் நான் கவனிக்கவில்லை.

அரசையும் பொருளாதாரத்தையும் இதோடு கோக்க எனக்கு உதவியது ஒரு கல். 1900-ஐ ஒட்டிய காலம். சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்தது. கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்குச் சந்தேகம் வந்து சோதித்துப் பார்த்தார். உரம் செய்ய உதவும் உயர்தரப் பாஸ்பேட். இந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டால் நாலு கட்டமும் தன்னால் வரிசைக்கு வந்துவிடும்.

புவியியலைப் பாருங்கள். நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கடலிலிருந்து மேலெழுந்த பவளப்பாறைத் தீவு. ஆறு கிடையாது. ஓரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒல்லியான பட்டையில்தான் சனங்கள் இருக்கிறார்கள். உள்ளே புவாடா என்ற குளத்தைச் சுற்றிக் கொஞ்சம் பசுமை. நடு மேட்டில் சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்கு இடையே பாஸ்பேட் அடைந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு தூண்கள் மட்டும் பல் வரிசை மாதிரி நிற்கின்றன. தீவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படித் தோண்டப்பட்டுவிட்டது. வரைபடத்தை நீங்களே கையால் வரையுங்கள்: ஒரு முட்டை, ஓரத்தில் பட்டை, நடுவில் பற்கள். அரை நிமிட வேலை.

இனி அரசு. 1888-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்ட தீவை, முதல் உலகப்போர் தொடங்கியதுமே ஆஸ்திரேலியா பிடித்தது. போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பொறுப்பேற்றன. அந்த மூன்று நாடுகளும் ஒரு பாஸ்பேட் ஆணையம் அமைத்து உரக்கல்லை அடக்க விலைக்குத் தங்கள் பண்ணைகளுக்கு அனுப்பிக்கொண்டன. தீவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் அதன் மண்ணை மலிவாக வாங்கியவர்களும் ஒரே ஆட்கள். நவூரு மக்களுக்குக் கிடைத்த பங்கு அற்பம். 1960-களில், தீவு வாழ லாயக்கில்லாமல் போகும் என்று சொல்லி ஆஸ்திரேலியா குவீன்ஸ்லாந்தின் கர்ட்டிஸ் தீவுக்கு இடம் மாறச் சொன்னது. தனி நாடாக இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ஹேமர் டிரோபர்ட் தலைமையில் 1968 ஜனவரி 31-இல் விடுதலை வந்தது.

அந்தத் தேதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் தீவைப் பிடித்த ஜப்பானியர்கள் நவூரு மக்களில் 1,200 பேரை பசிபிக்கிலேயே இருக்கும் டிரக் (இன்றைய சூக்) தீவுகளுக்கு வேலைக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் பலர் இறந்தார்கள். பிழைத்த 737 பேர் ஊர் திரும்பியது 1946 ஜனவரி 31. அந்த நாளையே விடுதலை நாளாக வைத்துக்கொண்டார்கள். இதைப் படித்த பிறகு அந்தத் தேதி எனக்கு மறக்கவே இல்லை.

பொருளாதாரப் பகுதிதான் முதன்மைத் தேர்வுக்கு உண்மையில் உபயோகமாகும். 1970-இல் சுரங்கம் நவூருவின் கைக்கு வந்தது. கொஞ்ச காலத்துக்கு, ஆளுக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட்டால் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. அப்போது வருமான வரியும் இல்லை. மெல்பர்னில் 52 மாடியில் 'நவூரு ஹவுஸ்' கட்டினார்கள். சில ஆயிரம் பேருக்குச் சொந்தமாக ஒரு ஜெட் விமான நிறுவனம் வேறு. கல் தீரத் தீர, தப்பான முதலீடுகளில் போட்ட பணமும் கரைந்தது. 2004-இல் கட்டடம் கைமாறியது. 2005 டிசம்பரில் மிஞ்சியிருந்த ஒரே விமானமும் கடனுக்குப் போனது. 'வளமே சாபமாவது' என்று கட்டுரைத் தாளில் எழுத எல்லோரும் எண்ணெய் நாடுகளைத்தான் இழுப்பார்கள். நீங்கள் நவூருவை எழுதிப் பாருங்கள். கூடவே 1989-இல் ஆஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 1993-இல் சமரசமாக இழப்பீடு வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன நாடு அவ்வளவு பெரிய நாட்டை அங்கே இழுத்தது சாதாரண விஷயமில்லை.

இப்போது என்ன வருமானம்? 2001-இல் தொடங்கி, இடையில் மூடி, 2012-இல் மறுபடி திறந்த ஆஸ்திரேலிய அகதிகள் முகாம் ஒன்று. மீன் இன்னொன்று. நிலம் 21 சதுர கிலோமீட்டர்தான். கடலில் அதற்கு மட்டுமே உரிமையுள்ள பொருளாதார மண்டலமோ 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 1982-இல் அதன் பெயரிலேயே போட்ட நவூரு ஒப்பந்தத்தின் நாடுகள், சூரை மீன் பிடிக்க வரும் அந்நியக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் அனுமதி விற்கின்றன. மண்ணை விற்ற நாடு இப்போது நாளை விற்கிறது என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கடலடிச் சுரங்கத்துக்கு விதிகளைச் சீக்கிரம் முடியுங்கள் என்று 2021-இல் சர்வதேசக் கடலடி ஆணையத்துக்கு நெருக்கடி கொடுத்ததும் இதே நாடுதான். கல்லை விட மனசில்லை போல.

அரசமைப்பில் அதிகம் கேட்க ஒன்றுமில்லை: 19 உறுப்பினர் நாடாளுமன்றம், 3 ஆண்டு, உறுப்பினர்களே தங்களுக்குள் அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள், படை கிடையாது. வாக்கு முறை மட்டும் அருமை. வேட்பாளர் எல்லோருக்கும் வரிசை எண் போட வேண்டும். முதல் இடத்துக்கு 1, இரண்டாவதுக்கு அரை, மூன்றாவதுக்கு மூன்றில் ஒன்று என்று மதிப்பு குறைந்துகொண்டே போகும். டௌடால் முறை என்று பெயர். விருப்ப வாக்கு பற்றிய கேள்விக்கு நல்ல உதாரணம்.

அதிபர் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அடிக்கடி மாறும். தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்தால் போதும். தூதரக உறவு தைவானோடா சீனாவோடா என்பதும் அப்படியே: 2002-இல் சீனா, 2005-இல் தைவான், 2024 ஜனவரியில் மறுபடி சீனா. இந்தியத் தொடர்புக்கு, 14 தீவு நாடுகளோடு 2014-இல் பிஜியின் சுவாவில் தொடங்கிய இந்திய-பசிபிக் தீவுகள் ஒத்துழைப்பு மன்றம் ஒரு வரி. அடுத்தடுத்த மாநாடுகள் 2015-இல் ஜெய்ப்பூர், 2023-இல் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பி.

உண்மையான நேர்முகத்தில் கொடிகளைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முழுக்க என் மாவட்டத்துக் குடிநீர்ப் பிரச்சினைதான். அடுத்ததாக இதே மாதிரி இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியை எடுங்கள். வாயால் சொல்லும்போது 'கிரிபாஸ்' என்று சொல்ல வேண்டும், அங்கேயே பாதிப் பேர் மாட்டுவார்கள். அதற்குக் கல் உதவாது. 1995-இல் தேதிக்கோட்டை ஏன் கிழக்கே தள்ளிவைத்தார்கள் என்ற கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.