மாமா வைத்த 3,692 பாக்கி

உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, பீரோவில் மஞ்சள் பைக்குள் இருக்கும் மொய் நோட்டு. எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், நாம் செய்தது எவ்வளவு, நமக்கு வந்தது எவ்வளவு என்று 1994-லிருந்து எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்று, கைப்பேசியில் இருக்கும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் கணக்கு. 52 வயதில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எட்டு வருடமாக அதை ஆடிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு கிளானுக்குத் தலைவரும் அவரே. ஆனால் கிளான் என்ற சொல் அவர் வாயில் வராது. "நம் வகையறா" என்பார். உறவுக்காரப் பிள்ளைகள், கடைப் பையன்கள், அவர்களுடைய சேக்காளிகள் என்று 34 பேர். ஒரு கிளானில் 50 பேர்வரை சேர்க்கலாம் என்பதால், கல்யாண வீடுகளில் மீதி 16 இடத்துக்கு ஆள் பிடிப்பதும் நடக்கிறது.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட விளையாட்டு இது. நம் ஊரைக் கட்டிக் காக்கவேண்டும்; அடுத்தவர் ஊரை அடித்து நொறுக்கவேண்டும். ஒரு கிளானும் இன்னொரு கிளானும் மோதினால் அது போர். வகையறாவில் ஒருவர் படை வேண்டும் என்று கேட்டால் மற்றவர்கள் தம் படையில் கொஞ்சம் அனுப்பலாம். கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று ஒவ்வொருவர் பெயரிலும் இரண்டு எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். சீசன் முடிந்ததும் இரண்டும் சுழியாகிவிடும்.

மாமாவுக்குப் பொறுக்காத இடம் இதுதான். மொய் நோட்டை மாதாமாதம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிற ஊரை அவர் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, போன போரில் ஏன் தோற்றோம் தெரியுமா? வாங்குகிறவன் வாங்கிக்கொண்டே இருக்கிறான். கொடுக்கத்தான் ஆள் இல்லை. யார் யார் என்று எழுதிவைக்கவேண்டும். நீ கணக்கு எழுதுகிறவன்தானே?"

நான் மதுரை மேலமாசி வீதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் வீட்டில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்த இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று நினைக்கவில்லை. உடனே தலையாட்டிவிட்டேன்.

விளையாட்டின் விவரங்களை வெளியிலிருந்து கேட்டு வாங்க அந்த நிறுவனமே ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஏ.பி.ஐ. என்பார்கள். பதிவு செய்துகொண்டால் டோக்கன் கிடைக்கும். அதைக் காட்டி, கிளானின் அடையாளக் குறியைச் சொன்னால் மொத்த விவரமும் வந்துவிடும். இந்தக் கேட்டு வாங்கும் வேலையைச் செய்ய மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளும், அதாவது லைப்ரரிகளும், இருக்கின்றன. இதற்குப் போய் லைப்ரரியா, நாமே எழுதிவிடலாம் என்று இறங்கினேன். நிரல் எழுதக் கற்ற மூன்றாம் மாதத்தில் எல்லாருக்கும் வருகிற திமிர்தான்.

முதல் அடி, அடையாளக் குறியில். அது # என்று தொடங்கும். இணைய முகவரிக்குள் அந்தக் குறியை அப்படியே எழுதினால் அதற்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போய்ச் சேரவே சேராது. அதற்குப் பதில் சதவீதக் குறியும் 23-உம் போடவேண்டும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. மூன்றாம் இரவு, 404 என்று பதில் வந்தது. அப்படி ஒரு கிளானே கிடையாதாம்.

மாமாவிடம் சொன்னேன். "எட்டு வருடமாக இருக்கிற வகையறாவை இல்லை என்கிறானா? எவன் அவன்?" என்றார்.

பிழை மாமா குறியை வாசித்த விதத்தில் இருந்தது. தொலைபேசியில் அவர் "ஓ" என்றதை நான் ஆங்கில எழுத்தாக எழுதியிருந்தேன். இந்தக் குறிகளில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 14 வகை மட்டும்தான் வரும். அவற்றில் சுழி உண்டு, ஓ கிடையாது. "சுழியைத்தான் ஓ என்றேன். வண்டி நம்பரை எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?" என்று மாமா கேட்டார். நியாயம்தான்.

அதற்கடுத்தது மின்சாரம். எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் நம் இணைப்புக்கு உள்ள எந்த எண்ணிலிருந்து, கேட்கப்போகிறோம் என்பதை டோக்கன் வாங்கும்போதே எழுதிக்கொடுக்கவேண்டும். வேறு முகவரியிலிருந்து போனால் 403, கதவு திறக்காது. இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்; நான்தான் படிக்கவில்லை. செல்லூரில் என் வீட்டில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் தூங்கி எழும். எழும்போது புது முகவரியோடு எழும். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து புது டோக்கன் வாங்கினேன். ஒரு கணக்குக்குப் பத்து டோக்கன்தான் அளவு. மழை பெய்த ஒரு வாரத்தில் பத்தும் தீர்ந்தன. பழையவற்றை அழிக்கலாம் என்பதே பதினோராவது டோக்கனைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இவ்வளவுக்கும் நடுவே ஒருநாள் விவரம் வந்துவிட்டது. மகிழ்ச்சியில் அதைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் அழைப்பு வந்தது.

"என் மகன் பெயருக்கு எதிரே அட்மின் என்று போட்டிருக்கிறதே?"

விளையாட்டுக்குள் "எல்டர்" என்று காட்டுகிற பதவிக்கு ஏ.பி.ஐ.யில் "அட்மின்" என்று பெயர். மாமாவின் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எல்டர். வாட்ஸ்அப் பழகிய மாமாவுக்கோ, அட்மின் என்றால் ஆளைக் குழுவிலிருந்து தூக்குகிறவன். பையனைக் கடைக்கே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவன் எல்டர்தான், எல்டர் மட்டும்தான் என்று நான் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

அன்றிரவே திமிரைக் கழற்றி வைத்துவிட்டு சி.ஓ.சி. டாட் பை என்ற பைத்தான் லைப்ரரியை நிறுவினேன். என்னை மூன்று வாரம் அலைக்கழித்தவை எல்லாம் அதை எழுதியவர்களையும் அலைக்கழித்திருக்கும் போலிருக்கிறது. குறியில் ஓ என்று போட்டால் தானே சுழியாக மாற்றிக்கொள்கிறது. சதவீதக் குறி வேலையை அதுவே பார்க்கிறது. அட்மினை எல்டர் என்கிறது. மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் இப்போதைய முகவரிக்கு ஏற்ற டோக்கன் இருக்கிறதா என்று பார்த்து, பொருந்தாததைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்கிறது. மின்சாரம் போய் வந்தாலும் எனக்கு வேலையில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிடிகொடுக்கவில்லை. விவரத்தைக் கேட்கும் வரிக்கு முன்னால் "அவெய்ட்" என்று ஒரு சொல் எழுதவேண்டும். பதில் வரும்வரை காத்திரு என்று பொருள். அதை மறந்துவிட்டேன். கிளானுக்குப் பதில் "கோரூட்டீன் ஆப்ஜெக்ட்" என்று ஏதோ வந்து நின்றது. கல்யாண வீட்டில் சாப்பாட்டு டோக்கனைக் கையில் வாங்கிக்கொண்டு பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு மணிநேரம் அந்த டோக்கனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர் எப்போது முடிகிறது என்று முன்கூட்டியே சொல்லவும் நாலு வரி எழுதினேன். லைப்ரரி தருவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணிநேரம் கூட்டவேண்டும். கூட்டவில்லை. இரவு 7.40-க்கு முடியவேண்டிய போர் மதியம் 2.10-க்கே முடிகிறது என்று அறிவித்துவிட்டேன். ஒருவருக்கு இரண்டு தாக்குதல். கடைசி நேரம்வரை இழுத்தடிக்கிற நம் ஆட்கள் அன்று சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டு மணிக்குள் அத்தனையையும் முடித்துவிட்டார்கள். அந்த மாதத்தில் நாங்கள் வென்றது அந்தப் போர் ஒன்றுதான். பிழையைத் திருத்தவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

இனி நோட்டு. கொடுத்தது ஒரு பத்தி, வாங்கியது ஒரு பத்தி, கழித்தால் வருவது மூன்றாவது. தலைப்பு "செய்முறை பாக்கி" என்றே இருக்கவேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. "விளையாட்டுப் பெயர் எல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை. டார்க் கிங் என்று போட்டால் யாருக்கு உறைக்கும்? மொய் எழுதுவதுபோல ஊரும் பேரும் போடு. பாக்கி அதிகம் உள்ளவன் முதலில் வரட்டும்." அப்படியே செய்தேன். 34 பேருக்கும் உட்கார்ந்து ஊரும் பேரும் எழுதிச் சேர்த்தேன்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பட்டியல் தயாரானது. முதல் வரியில் மாமா இருந்தார். கொடுத்தது 214. வாங்கியது 3,906. பாக்கி 3,692.

நிரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் முறை கைப்பேசியிலேயே அவர் பெயரைத் தட்டிப் பார்த்தேன். அதே எண்கள். அவரிடம் முதலில் காட்டியிருக்கலாம். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்து ரத்தம். கணக்கு கணக்குதான் என்று ஒரு வீம்பு. அதோடு தூக்கக் கலக்கம். விளையாடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் "உசிலை வகையறா போர்". சொந்தக்காரர்கள் 61 பேர் இருக்கிற குழுவுக்குப் பெயர் "உசிலை வகையறா". பட்டியலை இரண்டாவது குழுவில் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

ஆவணியில் மாமா வீட்டில் இளைய மகளுக்குக் காதணி விழா. பத்திரிகை கொடுக்க ஆரம்பித்து நான்கு நாள்கள்தான் ஆகியிருந்தன. அந்த நேரத்தில், குடும்பமே விழித்தெழுகிற வேளையில், செய்முறை பாக்கி என்ற தலைப்பின்கீழ் முதல் பெயராக உசிலம்பட்டி மாமா.

முதலில் அழைத்தது பெரியப்பா. "உன் மாமா யாருக்கப்பா இவ்வளவு பாக்கி?" என்று ஆரம்பித்தவர், என் விளக்கம் முடிவதற்குள் தானே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "செய்முறை என்றால் கடைசியில் ஒரு ரூபாய் சேர்ந்திருக்கும். 101, 501 என்று வரும். 3,692 என்று எந்த ஊரில் எழுதுகிறார்கள்? இது வட்டிக் கணக்கா?" விளையாட்டு என்று சொல்லிப் புரியவைத்தேன். புரிந்துகொண்ட குரலில், "சரி, ஆவணியில் நான் செய்யவேண்டியதில் இதைக் கழித்துக்கொள்ளலாமா?" என்றார். கிண்டலா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது சோழவந்தான் அத்தை. அவர் பெயருக்கு எதிரே, கொடுத்தது 0, வாங்கியது 1,040. அத்தைக்கு 70 வயது. பேரன் அவருடைய கைப்பேசியில் ஆடுகிறான், விளையாட்டுக்குள் அத்தையின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறான். இதெல்லாம் அத்தைக்கு எங்கே தெரியும்? டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "உன் அம்மா கல்யாணத்துக்கு 51. உன் மொட்டைக்கு 101, ஒரு சில்வர் குடம். உன் அக்கா சடங்குக்கு 501, பட்டுப்பாவாடை. நான் எதுவும் செய்யவில்லை என்று ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறாயே, குடம் இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?"

இருக்கிறது. அதில்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.

பட்டியலை அழித்தேன். அதற்குள் 40 பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். மாமாவிடமிருந்து மட்டும் அழைப்பே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நேரிலேயே போனேன்.

கடையில் எனக்கு டீ சொல்லிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "214 என்று போட்டிருக்கிறாயே. நான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்?"

கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவர் கொடுப்பது வில்லாளிகளை. கேட்டு வாங்குவது டிராகன்களை. அவருடைய வேண்டுகோளில் "டிராகன் மட்டும்" என்று எப்போதும் எழுதியிருக்கும். விளையாட்டு தலையை எண்ணுவதில்லை. அந்தப் படை முகாமில் எத்தனை இடத்தை அடைக்கிறதோ அதை எண்ணுகிறது. வில்லாளிக்கு 1, டிராகனுக்கு 20. இதைச் சொன்னதும் மாமா, கல்லாவைத் திறந்து எதையோ தேடுவதுபோலச் சற்று நேரம் குனிந்திருந்தார். மொய் எழுதும் இடத்தில் யாராவது உறையை மட்டும் நீட்டிவிட்டுப் பந்திக்கு நகர்ந்தால், உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லக்கூடியவர் அவர்.

"ஆரம்பத்திலிருந்து எடுத்தால் நான் எவ்வளவு கொடுத்திருப்பேன்? அதற்குக் கணக்கு உண்டா?"

உண்டு. சாதனைகள் பட்டியலில் "ஃப்ரெண்ட் இன் நீட்" என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து கொடுத்த படை முழுவதும் அதில் கூடிக்கொண்டே போகும். சீசன் முடிந்தாலும் அழியாது. மடிக்கணினியை யூரியா மூட்டைமேல் வைத்து, லைப்ரரியில் ஆட்டக்காரர் விவரத்தைக் கேட்டேன். அவெய்ட் போட மறக்கவில்லை. 41,380 என்று வந்தது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணை வாய்விட்டு இரண்டு முறை வாசித்தார்.

"வாங்கியது எவ்வளவு, அதையும் காட்டுகிறதா?"

"ஆரம்பத்திலிருந்து வாங்கியதற்கு அதில் கணக்கு இல்லை, மாமா. கொடுத்தது மட்டும்தான்."

"அப்படியா?" டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "இதை மட்டும் எழுது. ஊரும் பேரும் போட்டு, அதே குழுவில் போடு."

எந்தக் குழு என்று இந்த முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். 61 பேர் இருக்கிற குழுதான். போட்ட மூன்றாவது நிமிடம் கைப்பேசி அடித்தது. சோழவந்தான் அத்தை.

"எனக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லப்பா."