மூச்சு ஆவி: ஊட்டியில் ஒருவழியாக மாட்டியது

மூச்சிலிருந்து கிளம்பும் ஆவி ஒருவழியாக கேமராவில் விழுந்துவிட்டது! ஊட்டி, ஜனவரி, விடியற்காலை, 5 டிகிரி. சென்னையில் ஏசியை 18-ல் வைத்துக்கொண்டு தொண்டை வறள ஊதியும் ஒரு இழைகூடத் தெரியவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. மூச்சுக்காற்று ஏறக்குறைய 34 டிகிரி, கன மீட்டருக்கு 37 கிராம் சொச்சம் ஈரம். ஊட்டிக் காற்றில் 6 கிராம். சரிபாதி கலந்தால் 20 டிகிரி பக்கம் வரும், ஈரம் 22 கிராம் இருக்கும். அந்தச் சூட்டில் காற்று தாங்குவது 17தான், மிச்சம் துளியாகிறது. ஏசி அறையில் இதே கலவை 26 டிகிரிக்கு வரும். அங்கே காற்று 24 கிராம் தாங்கும், இருப்பதோ 23-க்கும் கீழே. குளிர் மட்டும் போதாது, ஏசி ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது.

உயிரை வாங்கியது லைட்தான். முன்னாலிருந்து அடித்தால் ஆவி சுத்தமாகக் காணாமல் போகிறது. இவ்வளவு சின்னத் துளி, பட்ட வெளிச்சத்தில் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் டார்ச் ஆளுக்குப் பின்னால், லென்ஸைப் பார்த்தபடி, ஆனால் நேராக உள்ளே விழாமல் இருக்க வேண்டும். கறுப்பு சார்ட்டைத் தடுப்பாகப் பிடித்து விரற்கடை விரற்கடையாக நகர்த்தினேன். கொஞ்சம் இந்தப் பக்கம் போனால் படம் முழுக்க வெளுப்பு, அந்தப் பக்கம் போனால் வெறும் இருட்டு. ஃபோகஸ் மேனுவலில்தான், ஆட்டோ ஆவியைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

டார்ச் ரிச்சி தெருவில் வாங்கியது, தங்கம். பின்னணிக்கு ஆன்லைனில் வரவழைத்த 'கறுப்பு' வெல்வெட் வெளிச்சம் பட்டதும் கத்தரிக்காய் நிறம் காட்டுகிறது. துணிக்கடையில் தொட்டுப் பார்த்தே வாங்குங்கள். குளிரிலிருந்து அறைக்குத் திரும்பும்போது கேமராவை ஜிப் கவரில் போட்டுவிடுங்கள், லென்ஸ் வேர்க்காது.

படங்களை இன்னும் எடிட் செய்யவில்லை, அதற்குள் மனசு ஊதுபத்திக்குத் தாவிவிட்டது. தூசி நீக்கிய காற்றில் நீராவியை விட்டால் மூட்டமே வராது என்று 1880-ல் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் காட்டினார். அப்படியானால் காபி டம்ளர் ஓரத்தில் ஊதுபத்திப் புகையை விட்டால் ஆவி அடர்த்தியாக வேண்டும். புகையையும் ஆவியையும் படத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.