ஒன்றரை சென்ட் புறவாசல்: பங்குனி முதல் மாசி வரை

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே புதிதாக வளர்ந்த குடியிருப்பு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. மனை ஐந்து சென்ட். வீடும் முன்வாசலும் போக, புறவாசலில் ஒன்றரை சென்ட் மீதம். ஏறக்குறைய 650 சதுர அடி. வீடு கட்டியபோது விழுந்த செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கலந்த சரள் தரை. இதில் காய்கறி, நாலு கோழி, ஓர் எலுமிச்சை, பொங்கலுக்குப் பனங்கிழங்கு என்று அடுக்களைக்கு வேண்டியதில் ஒரு பங்கையாவது விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பங்குனியில் கடப்பாரையை எடுத்தேன். இப்போது மாசி.

வீட்டுத் தோட்டம் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. நம் பக்கத்துக்கு அது அப்படியே பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை குற்றாலத்தில் சாரலாக விழும் நாட்களில், மலையின் மழை நிழலில் கிடக்கும் பாளையங்கோட்டைக்கும் அதற்குக் கிழக்கே உள்ள ஊர்களுக்கும் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நுழைந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு இலை விட்ட நாற்று அதில் ஒரு பகல் நின்றாலே துவண்டுவிடும். நமக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். பக்கத்து வீட்டு ஆச்சி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “ஆடியில் வேலியைப் பாருங்க ஐயா, புரட்டாசியில் விதையைப் பாருங்க.” ஆச்சி சொன்னபடியே விதைப்பைப் புரட்டாசிக்குத் தள்ளி வைத்து, அதுவரை இருந்த மாதங்களை மண்ணுக்கும் வேலிக்கும் கொடுத்தேன்.

முதல் வேலை மண். சரளைக் கொத்திக் கிளறி, கற்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினேன். கோடையில் குளங்கள் வற்றியதும் சித்தப்பா தன் வயலுக்கு அனுமதி வாங்கிக் குளத்தடி வண்டல் மண்ணான கரம்பையை வண்டியில் கொண்டுவந்து அடித்தார். அதில் மிஞ்சியது என் புறவாசலுக்கு வந்தது. கரம்பையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியிலிருந்து தட்டும்போது அது சாம்பல் கறுப்பில் கட்டி கட்டியாக, சம்மட்டியால் அடித்தாலும் உடையாத மாதிரி கிடக்கும். மேலே ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டியும் தானாகவே வெடித்துப் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும். உள்ளே நத்தை ஓடுகளும் சிறு சிப்பிகளும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தனியாகப் போட்டால் மறுபடி இறுகிவிடும் என்பதால் ஆற்றுமணலும் மக்கிய ஆட்டுப் புழுக்கையும் கலந்தேன். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைத்த சமயம் அது. அம்பை 16 நெல்லின் வைக்கோல். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். பாத்திகள் முழுக்க அதைக் கனமாக மூடாக்குப் போட்டு, காற்றில் பறக்காமல் மேலே தென்னை மட்டைகளை வைத்தேன். கோடை முழுவதும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ஆவணியில் மூடாக்கை விலக்கியபோது மண்புழு இருந்தது. சரள் தரையில் மண்புழுவைப் பார்த்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்ல!

மேற்கே காற்றைத் தடுக்க இரண்டு அடுக்கு. உடனடித் தடுப்பாகப் பனை ஓலைப் படல். அதற்கு உள்வரிசையில் கிளுவைக் கம்புகளும் நொச்சியும். அகத்தியையும் விதைத்திருக்கிறேன். வேகமாக வளர்வதோடு கீரையும் தரும். மதில்தான் இருக்கிறதே, வேலி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மதில் காற்றைத் தடுப்பதில்லை, மேலே தூக்கி அந்தப் பக்கம் சுழற்றி இறக்குகிறது. இலைவேலி அதைச் சல்லடையாகச் சலித்து வேகம் குறைத்து விடுகிறது.

எலுமிச்சைக்குத் தண்ணீர் வைக்கும் முறைக்குக் காருகுறிச்சிப் பானைதான் கைகொடுத்தது. அந்த ஊரில் செய்யும் சுடுமண் பானை ஒன்றை, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளிப் புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்துவிட்டேன். பூச்சு இல்லாத மண் என்பதால் நீர் பானைச் சுவர் வழியாகவே கசிகிறது. சுற்றிலும் மண் காய்ந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் நின்றுவிடும். குளியலறைத் தண்ணீர் முழுவதும் வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பனங்கிழங்குதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் பழம் விழும். ஊருக்குப் போய்ப் பழம் தின்ற கொட்டைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். ஓரமாக அடுக்கிய செங்கல் துண்டுகளையே சுவராக வைத்து, மணலும் பொலபொலப்பான மண்ணும் நிரப்பி இரண்டடி உயர மேட்டுப்பாத்தி. அதன்மேல் கொட்டைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, மெல்லிய மண் போர்வை. கொட்டையிலிருந்து முளை கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள்ளே கிழங்காகத் திரள்கிறது. அதனால்தான் பாத்தி உயரமாகவும் இளக்கமாகவும் இருக்க வேண்டும். தரை கெட்டியானால் கிழங்கு வளைந்தும் முறிந்தும் போகும். ஐப்பசி மழையோடு சரி, தனியாகத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஓலை விரியும் முன்பே தோண்டிவிட வேண்டும், விட்டால் நார் ஏறிவிடும். மார்கழி கடைசியில் பாத்தியின் பக்கச் சுவரைப் பிரித்து மண்ணைச் சரித்ததும், கிழங்குகள் வரிசையாகத் தொங்கின. அம்மா உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தார். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் பீலியை எடுத்துவிட்டுத் தின்றோம். வெட்டிய கொட்டைக்குள் இருந்த, வெள்ளைப் பஞ்சு போன்ற தவுண், பிள்ளைகளுக்கு. தெருவில் எல்லா வீட்டுக்கும் பொங்கலன்று ஒரு கட்டு கொடுக்க முடிந்தது.

புரட்டாசியில் விதைத்த வெண்டை, கத்தரி, அவரை, புடலை நன்றாக வந்தன. கீரைகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூவினால் வருகின்றன. அவரை மட்டும் கார்த்திகைப் பனிக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அசுவினிப் பூச்சி தெரிந்த கொடிகளுக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடித்தேன்.

கோழிகள் மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் வாங்கியவை. ஒரு சேவல், மூன்று பெட்டை. கூட்டின் தளத்தைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் பார்த்த பிறகு, இங்கே தரையோடு தரையாகக் கூடு கட்டும் எண்ணமே வராது. மழைக்காலக் குஞ்சுகள் நனைந்து சாகும் என்பதால் தை பிறக்கும்வரை எந்தப் பெட்டையையும் அடையில் உட்கார விடவில்லை. தையில் ஒன்றை அடை வைத்தோம். கூடையில் மணல், மேலே வைக்கோல், பத்து முட்டை. இடி விழுந்தால் முட்டை கெடாமலிருக்க ஆச்சி ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் வற்றலும் போட்டுத் தந்தார். மறுக்க மனம் வரவில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தேன். கரு கூடிய முட்டையில் சிவப்பு நரம்புகள் வலையாகப் படர்ந்து, நடுவில் ஒரு புள்ளி அசைகிறது. இரண்டு முட்டைகள் தெளிவாகவே இருந்தன. அவற்றை எடுத்துவிட்டேன். 21ஆம் நாள் எட்டும் பொரிந்தன.

மாசி, பங்குனி வெயில் ஏறும்போதுதான் கோழிக்கழிச்சல் நோய் பரவும். குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு தடுப்பு மருந்து விட்டாயிற்று. எட்டாம் வாரத்தில் ஊசி போட வேண்டும். சந்தேகம் கேட்க ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எங்கள் ஊருக்குப் பெரிய வசதி. பருந்துக்குப் பயந்து பகலில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரக் கூடையில் அடைத்து, மாலையில் மட்டும் அகத்தி நிழலில் விடுகிறேன்.

அடுத்ததாக, காலியான பனங்கிழங்குப் பாத்தி மண்ணில் வெள்ளரி போட்டிருக்கிறேன். வாழையில் முதல் குலை தள்ளியிருக்கிறது. சித்திரையில் சித்தப்பா மறுபடியும் கரம்பை அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை கிழக்கு ஓரத்துச் சரளையும் கொத்தி முடித்துவிட வேண்டும்.