இன்ஸ்பெக்டருக்கு 194 தெரியாது

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு, இரண்டாங்கட்டில் ஒரு பிணம். இதுதான் என் நாவலின் தொடக்கம். இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது கொலைதான்" என்பார். காரைக்குடியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துவிட்டார்.

"தம்பி, எஃப்.ஐ.ஆர். எங்கப்பா? சந்தேக மரணம்னா முன்னாடி பிரிவு 174, இப்ப 194."

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைக்குப் புதிய சட்டம், பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. என் இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை, பாவம்.

அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முகப்பு, வளவு, கிணறு என்று வரைய ஆரம்பித்தார். தலை எந்தத் திசை, எந்தத் தூணிலிருந்து எத்தனை அடி, எந்தக் கதவு உள்தாழ்ப்பாள், எல்லாம் பார்வை மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பில், வரவேண்டுமாம். சாட்சிக் கையெழுத்துக்குப் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும். என் கதையில் வி.ஏ.ஓ.வே கிடையாது!

கிளைமாக்ஸும் போச்சு. கொலையாளி போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருளை எடுத்தால், அதைக் காட்டிக்கொடுத்த அந்தப் பகுதி மட்டும் செல்லும்.

சரி, சாவிக்கொத்தைக் கிணற்றில் போட்டுவிட்டேன். இனி அவன் வாய் திறக்கவேண்டும்.