யாருக்கும் போய்ச் சேராத வாயு: நைட்ரஸ் ஆக்சைடு குழாயை மூடிய அனுபவம்

எங்கள் மருத்துவமனையின் அறுவை அரங்குகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைக் கொண்டுவந்த மையக் குழாயை முழுமையாக மூடி முடிக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. மயக்கவியல் மருத்துவர் என்ற முறையில் நான் தொடக்கம் முதல் கடைசிவரை உடனிருந்தேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் நாங்கள் தடுமாறிய இடங்களில் தடுமாற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உலகின் பசுமை இல்ல வாயு உமிழ்வில் சுமார் 4.4 விழுக்காடு மருத்துவத் துறையால் உண்டாகிறது என்று 2019இல் வெளியான ஓர் அறிக்கை கணித்தது. அதில் பெரும்பகுதி மருந்துகளையும் கருவிகளையும் உற்பத்தி செய்து கொண்டுவந்து சேர்ப்பதில் எழுவது. அங்கே ஒரு தனி மருத்துவரின் கை எட்டாது. மயக்க வாயுக்கள் அப்படியல்ல, அவற்றின் குமிழ் எங்கள் விரல்களுக்கு அடியிலேயே இருக்கிறது. நோயாளி உள்ளிழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு உடலில் ஏறக்குறைய எந்த மாற்றமும் அடையாமல் மூச்சோடு வெளிவந்து, கழிவு வாயுக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 270 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அது வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்குவதோடு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது.

முதலில் டெஸ்ஃப்ளூரேன் என்ற வேறொரு மயக்க மருந்தைத்தான் நிறுத்தினோம். அதன் வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் 2,500 மடங்கு. ஸ்காட்லாந்து அதை 2023இல் கைவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல் மருத்துவக் கட்டாயம் இருந்தாலன்றி அதைப் பயன்படுத்த முடியாது. அதை ஆவியாக்கித் தரும் கருவிகளான வேப்பரைசர்களைக் கழற்றி அலமாரியில் வைத்ததோடு அந்த வேலை முடிந்தது.

அதே எளிமையை நைட்ரஸ் ஆக்சைடிலும் எதிர்பார்த்துத் துறைக் கூட்டங்களில் பேசினேன். உடன் பணியாற்றுவோரும் மனமுவந்து குறைத்தார்கள். பெரும்பாலான அறுவை சிகிச்சைகளில் அதன் குமிழ் திறக்கப்படவே இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ஸ்டோர் பதிவேட்டைப் பார்த்தபோது, வாங்கிய சிலிண்டர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பழையபடியே இருந்தது. மயக்கப் பதிவேடுகளிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். வந்த தொகை வாங்கியதில் மிகச் சிறு பங்காகவே இருந்தது. கணக்கில்தான் பிழை இருக்க வேண்டும் என்று எண்ணி இருமுறை திரும்பப் போட்டேன், விடை மாறவில்லை.

சிலிண்டர் அறையின் தொழில்நுட்பரிடம் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “டாக்டர், அழுத்தமானியின் முள் இறங்குவதே இல்லை. ஆனால் நான் சிலிண்டர் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்.” இத்தனை காலம் கசிவு யார் கண்ணிலும் படாததற்கான காரணம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவம் மிச்சமிருக்கும்வரை அதன் மேலுள்ள ஆவியின் அழுத்தம் மாறாது. அறை வெப்பநிலையில் முள் 50 பார் அருகிலேயே நின்றுகொண்டிருக்கும். கடைசித் துளி திரவமும் தீர்ந்த பிறகே அது சட்டென்று விழும். ஆக்சிஜன் சிலிண்டரைப்போல முள்ளைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, சிலிண்டர்களில் ஒரு வரிசை தீர்ந்தால் மறு வரிசைக்குத் தானாக மாறும் அமைப்பும் இருந்ததால், அரங்கில் இருந்த எங்களுக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

ஆகவே எடை போட்டோம். சலவைப் பிரிவின் மேடைத் தராசை ஒரு சனிக்கிழமை மாலை இரவல் வாங்கி, இரு வரிசைகளிலும் இருந்த சிலிண்டர்களை எடை பார்த்து, கழுத்தில் அட்டை கட்டி, மீண்டும் இணைத்தோம். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் திங்கள் காலைவரை கிடையாது. அவசர அரங்கில் அந்த இரண்டு நாளும் நைட்ரஸ் ஆக்சைடைத் தொடுவதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். திங்கள் விடிந்ததும் நானும் தொழில்நுட்பரும் உயிர்மருத்துவப் பொறியாளரும் அதே தராசில் திரும்ப எடை பார்த்தோம். ஒரு நோயாளிகூட ஒரு மூச்சு இழுக்காத அந்த இரண்டு இரவுகளில் கிலோக் கணக்கில் வாயு போயிருந்தது. அட்டைகளில் இருந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றோம். மருத்துவர்களிடம் வாயுவைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லியே தீர்க்கக்கூடிய விஷயம் இல்லை இது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கசிவு எங்கே என்று தேடிப் பழைய குழாய் வரைபடத்தோடு கட்டடம் முழுக்க நடந்தோம். ஒரு காலத்தில் மயக்கம் தெளியும் அறையாக இருந்தது இப்போது பதிவேடுகள் வைக்கும் அறை. அங்கே இரும்பு அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு வாயு இணைப்பு இருந்தது. சோப்பு நீரைத் தூரிகையால் தடவியதும் விளிம்பில் சிறு சிறு குமிழிகள் எழுந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பட்டாணி அளவுக்குப் பெருத்து உடைந்தன. அப்படி இன்னும் பல இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றாக அடைப்பதா, குழாயையே மூடுவதா என்ற கேள்வி எழுந்தது. சுவருக்குள் ஓடும் பழைய குழாயில் இன்று ஓர் இணைப்பை அடைத்தால் நாளை வேறோர் இணைப்பு கசியும். எனவே மூடுவதே சரி என்று நான் வாதிட்டேன். இதே காரணத்துக்காக அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கமும் மையக் குழாய்களை நிறுத்திவிட்டுத் தனிச் சிலிண்டர்களுக்கு மாறும்படி 2024இல் பரிந்துரைத்தது.

மருத்துவ வாயுக் குழுவின் ஒப்புதலைப் பெற்றதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. குழந்தைகளை முகமூடி வழியாக மயக்கத்துக்குக் கொண்டுசெல்லும்போது நைட்ரஸ் ஆக்சைடு தேவைப்படும் என்று மூத்த மருத்துவர் ஒருவர் வலியுறுத்தினார். நியாயமான கவலைதான். மருந்தை எடுத்துவிடப்போவதில்லை, மயக்க இயந்திரத்தின் முதுகில் ஏற்கெனவே இருக்கும் சிறு சிலிண்டரிலிருந்து அதே வாயு கிடைக்கும் என்று அவர் அரங்குக்கே போய் இயக்கிக் காட்டினேன். ஆக்சிஜன் குழாயும் நைட்ரஸ் ஆக்சைடு குழாயும் தவறுதலாக மாறி இணைக்கப்பட்டு உயிர்கள் போன நிகழ்வுகள் எங்கள் துறையின் வரலாற்றில் உண்டு. குழாயே இல்லையென்றால் அந்த ஆபத்தும் இல்லை என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே குழுவில் எங்களுக்காகப் பேசினார்.

ஒரு பிழை எங்களுடையது. பிரசவ வலி தணிக்கப் பயன்படும், ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் சரிபாதி கலந்த வாயு எங்களிடம் தனிக் குழாயில் வருகிறது. அதை நாங்கள் தொடவே இல்லை. ஆனால் முதல் சுற்றறிக்கையில் அதை எழுதத் தவறினோம். பிரசவ அறைச் செவிலியர்கள் கலங்கிப்போனார்கள்; அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு விளக்க வேண்டியிருந்தது.

மூடும் பணியை ஒரு நேரத்தில் ஒரு பிரிவு என்று பிரித்துக்கொண்டோம். இயந்திரங்களின் குழாய்களைக் கழற்றி முனைகளை அடைத்தோம். குழாய் இல்லாத நிலையில் ஒவ்வோர் இயந்திரமும் சோதனையில் தேறுகிறதா, எச்சரிக்கை ஒலி ஓயாமல் அடிக்கிறதா என்று பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டார். பிறகு பிரதான வால்வை மூடி, சிலிண்டர்களை அகற்றாமலேயே இரண்டு வாரம் காத்திருந்தோம். ஓர் அரங்கிலிருந்தும் அழைப்பு வரவில்லை. அதன் பின்னரே சிலிண்டர்களை எடுத்து, குழாயில் மிஞ்சியதை வெளியேற்றி, இணைப்புகளில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதினோம்.

இன்னொன்றையும் தாமதமாகத்தான் கற்றோம். பாதி மிஞ்சிய சிலிண்டரைத் திருப்பி அனுப்பினால், மீண்டும் நிரப்புவதற்கு முன் அந்த மிச்சத்தைத் திறந்துவிடுவார்கள் என்று எங்களுக்கு வாயு வழங்கும் நிறுவனத்திடம் கேட்டபோது தெரியவந்தது. மூடும் தேதி முடிவான அன்றே கொள்முதலை நிறுத்தியிருந்தால் அந்தக் கடைசி இழப்பையாவது குறைத்திருப்போம். இப்போது சிறு சிலிண்டர்களைத் தீரும்வரை பயன்படுத்தியே அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தி முடித்ததும் வால்வை மூடுகிறோம், ஏனென்றால் திறந்தே விட்டால் இயந்திரத்தின் இணைப்பு வழியாகவும் வாயு கசியும். தொழில்நுட்பர் மாதந்தோறும் அவற்றை எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார். அந்த எண்ணையும் மயக்கப் பதிவேட்டின் கூட்டுத்தொகையையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.